நாயின் கழுத்தில் எந்தத் தோல்?

நாய்த் தீனிப் பாக்கெட்டின் பின்பக்கத்தை இப்போது எல்லோரும் படிக்கிறார்கள். புரதம் எத்தனை சதவீதம், கோதுமை கலந்ததா, எங்கே தயாரானது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அதே ஆட்கள் கழுத்துப் பட்டை வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், ‘ஜெனுவின் லெதர்’ என்று அச்சுக் குத்தியிருந்தால் திருப்தியாகி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தீனி இரண்டு வேளைதான். பட்டை நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. மழையில் நனைகிறது, அப்படியே காய்கிறது, வெயிலில் சூடேறுகிறது. குட்டி நாயாக இருந்தால் வாரைக் கடித்து மென்று பாதியை விழுங்கியும் வைக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது கன்னி இன நாய். பெயர் மைனா. கன்னியோ சிப்பிப்பாறையோ வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்பக்கமாக நாலு எட்டு வைத்துத் தலையை உருவிக்கொண்டு பறந்துவிடும். மயிர் குட்டை, தோல் மெல்லிசு. பட்டையின் விளிம்பு கொஞ்சம் கூராக இருந்தாலும் அந்த இடம் சிவந்துவிடும். கடைகளில் தொங்குவதெல்லாம் லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அளவெடுத்தவை. அதனால் தோலாகவே வாங்கித் தைத்துக்கொள்ளலாம் என்று பெரியமேட்டுக்குப் போனேன். சென்னையில் தோல் வேண்டுமென்றால் அங்கேதான். தெருவுக்குள் நுழைந்ததுமே வாசனை வழிகாட்டிவிடும்.

“பாய், நாய்க்குப் பட்டை தைக்கணும். தடிப்பா, வெஜ் டான் தோல் இருக்கா?”

“இருக்கு. நாய் கடிக்குமா?”

“யாரை?”

“ஆளை இல்லைங்க, பட்டையை. கடிக்கிற நாய்னா மேல பெயிண்ட் அடிச்சதை எடுக்காதீங்க. இதைப் பாருங்க, எருமை. உள்ள வெளிய ஒரே கலரு.”

உள்ளே வெளியே ஒரே நிறம் என்று அவர் சொன்னது ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல, தோல் எப்படித் தயாராகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சைத் தோல் அழுகும் பொருள். உரித்த சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் உப்புப் போட்டு அடுக்குவார்கள். தோல் ஷாப்புக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு வந்ததும் ஊறவைத்து உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்றி, உள்பக்கச் சதையைச் சீவி, ஏறிய சுண்ணாம்பை இறக்குவார்கள். இதுவரை எல்லாத் தோலுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாதைதான். அதற்குப் பிறகு பிரிகிறது, குரோம் உப்பா மரப்பட்டையா என்று.

குரோம் வழியில், அமிலமும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறிய தோலைக் குரோமியம் சல்பேட்டோடு பெரிய உருளைக்குள் போட்டுச் சுழற்றினால் ஒரே நாளில் பதமாகிவிடும். வெளியே வரும்போது வெளிர் நீலமாக இருக்கும், அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த முறை. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வருகிறது. மெல்லிசாகச் சீவலாம், எந்த நிறத்தையும் ஏற்கும், நனைந்தாலும் பெரிதாகக் கெடாது. செருப்பு, கைப்பை, சோபா என்று வீட்டில் இருக்கும் தோல் பொருள்களில் முக்கால்வாசி இதுவாகவே இருக்கும்.

மரப்பட்டை வழி மெதுவானது. நான் கடையில் கேட்ட வெஜ் டான் இதுதான். ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றின் சாறு ஊறிய குழிகளில் தோலை மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். கடுக்காயைக் கடித்தால் நாக்கைச் சுருட்டிப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் தோலின் இழைகளையும் பிடித்து இறுக்குகிறது. மதராஸ் மாகாணத்தில் இப்படிப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. கிழக்கிந்தியாவின் பெயராலேயே அது இ.ஐ. தோல் ஆனது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் இப்போதும் செய்கிறார்கள். தடிப்பாக, விறைப்பாக இருக்கும். போகப் போக நாயின் கழுத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். வெயில் பட்டால் நிறம் ஆழமாகும். பட்டைக்கும் வாருக்கும் குதிரைச் சேணத்துக்கும் காலங்காலமாக இதைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

குரோமியம் என்றதும் பதற வேண்டாம். எந்தக் குரோமியம் என்று பார்க்க வேண்டும். பதனிடப் பயன்படுவது குரோமியம் மூன்று. அது தோலின் இழைகளோடு இறுகப் பிணைந்துவிடும், எளிதில் வெளியே வராது, தொந்தரவும் குறைவு. சிக்கலெல்லாம் குரோமியம் ஆறில். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும், மூச்சில் தொடர்ந்து போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். யாரும் இதை வேண்டுமென்று தோலில் சேர்ப்பதில்லை. மூன்று தானாகவே ஆறாக மாறுகிறது. மென்மைக்காகக் கடைசியில் ஏற்றும் எண்ணெய் காற்றுப்பட்டால் எளிதில் கெடும் வகையாக இருந்தால், உதாரணமாகச் சில மீன் எண்ணெய்கள், இந்த மாற்றம் நடக்கும். சூடு, வெயில், வறண்ட காற்று, காரமான பசை எல்லாம் இதைத் தூண்டும். நல்ல தொழிற்சாலைக்காரர்களுக்கு இதைத் தடுக்கத் தெரியும். குரோம் தோலுக்கு மேல் கொஞ்சம் மரப்பட்டைச் சாறு ஏற்றினாலே பெருமளவு கட்டுப்படும். மலிவுச் சரக்கில் அந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து, உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவுக்குக் குரோமியம் ஆறு இருந்தாலே விற்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. சில சாயங்கள் உடைந்து வெளிவிடும் அமீன்களுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று தனி எல்லை. இதெல்லாம் மனிதத் தோலை மனதில் வைத்து எழுதியவை. நாய்க்கென்று யாரும் எழுதவில்லையே என்று கேட்டால், வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தினமும் நடப்பது யார்? ஏற்றுமதிக்குத் தைக்கிறவர்களிடம் இந்தச் சோதனைச் சான்று இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். உள்ளூர்க் கடையில் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குரோம் தோல் பட்டை போட்டதால் நாய் நாளைக்கே படுத்துவிடாது. பட்டையால் நாய்க்கு வரும் கெடுதல் பெரும்பாலும் ரசாயனத்தால் வருவதில்லை. ஈரம் காயாமல் உள்ளே புண் வைப்பது, விளிம்பு அறுப்பது, வளரும் குட்டிக்குப் பட்டையைத் தளர்த்த மறந்து அது சதைக்குள் புதைவது, கடித்து விழுங்கிய துண்டு குடலில் அடைப்பது, இவைதான் நாயை மருத்துவரிடம் கொண்டுபோகும். ரசாயனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, நனைந்த பட்டையோடு நாயைத் தூங்கவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் வெட்டிய விளிம்பு. மரப்பட்டையில் பதனிட்ட தோல் குறுக்கே முழுக்கப் பழுப்பாக இருக்கும், பாய் சொன்ன ‘ஒரே கலரு’ இதுதான். குரோம் தோலாக இருந்தால் மேலே என்ன நிறம் பூசியிருந்தாலும் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரியும். நடுவில் வரைக்கும் சாயம் ஏறிய குரோம் தோலும் உண்டு, அதனால் இது ஒன்றே தீர்ப்பாகாது. விளிம்பு முழுவதையும் தடித்த பெயிண்டால் மூடியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அடுத்தது, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நன்றாகத் தேய்த்துப் பார்ப்பது. துணியில் நிறம் இறங்கினால் அந்தப் பட்டை வேண்டாம். வெள்ளை ராஜபாளையம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, முதல் மழையிலேயே கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுந்துவிடும். பிறகு மடித்துப் பார்க்க வேண்டும். மேல்பூச்சு கண்ணாடிச் சில்லாக வெடித்தால் அது தோலின் அடிப்பாகத்தைச் சீவி எடுத்து மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ஸ்ப்ளிட்.

வெட்டிய துண்டு ஒன்று கிடைத்தால் வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் சுருண்டு சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் அசையாமல் கிடக்கும். எரித்துச் சாம்பலின் நிறத்தைப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது வேண்டாம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இ.ஐ. என்ற பேரைக் கேட்டதும் நிம்மதியாகிவிடவும் முடியாது. மரப்பட்டையில் பதனிட்டதை வாங்கி, மென்மைக்காக மறுபடி குரோம் ஏற்றுவது வழக்கம்தான். செமி குரோம் என்பார்கள். கெடுதலான சரக்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் கேட்டது அதுவல்ல.

இனி இரண்டாவது கேள்வி: இந்தத் தோல் ஆற்றுக்கு நல்லதா? நாய்க்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் பதிவை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தோலைப் பற்றி எழுதுகிற யாரும் பாலாற்றைத் தாண்டிப் போக முடியாது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. பாலாற்றுப் பக்கத்து இந்த ஊர்கள் இந்தியாவின் தோல் ஏற்றுமதியைத் தாங்கிப் பிடித்தவை. அதற்கான விலையை அவற்றின் கிணறுகள் கொடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தால், சட்ட மொழிக்குள்ளேயே அந்தப் பகுதியின் நிலைமை தெரிகிறது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் கணக்கெடுத்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோல் தயாராக 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் அதில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று முழு நிரூபணம் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படியும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்தக் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமுக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கப் போட்டோமே, அந்த உப்பு. கழுவிய தண்ணீரோடு நிலத்துக்குள் இறங்கிய உப்பை எந்த மழையும் சீக்கிரம் கழுவிக்கொண்டு போகாது. ஆக, ‘குரோம் இல்லாதது, இயற்கைப் பட்டையில் பதனிட்டது’ என்ற அட்டை தொங்குவதாலேயே ஒரு தோல் ஆற்றுக்கு நல்லதாகிவிடாது. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. துவர்ப்புச் சாறு கலந்த கழிவுநீரும் ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்காமல், எதில் பதனிட்டது என்று மட்டும் கேட்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

இப்போது இந்த ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வுகள் வழியே வடிகட்டித் தண்ணீரை மீட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். அந்தக் கலப்பு உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டகைகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் இப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அதே ராணிப்பேட்டையில், தோல் ஆலைகளுக்குக் குரோமிய ரசாயனம் தயாரித்து மூடப்பட்ட தொழிற்சாலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் வெட்டவெளியில் பல காலம் கிடந்தது. நான் மேலே பயமுறுத்திய குரோமியம் ஆறு அங்கேதான் மலையாக இருந்தது. நாயின் கழுத்தில் அது சில மில்லிகிராம் பிரச்சினை. ராணிப்பேட்டைக்காரருக்கு டன் கணக்கில்.

தோல் தொழிலாளியின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, திண்டுக்கல் தோல் ஷாப்புகளைக் களமாக வைத்து டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் இருக்கிறது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுண்ணாம்புக் குழிக்குள் நின்ற கால்கள் யாருடையவை, ஏன் அவர்களுடையவையாக மட்டுமே இருந்தன என்ற கேள்விக்கு இந்த ஊரில் சாதியைச் சொல்லாமல் பதில் கிடையாது. கிணற்று நீர் இறைத்த கமலைச் சாலின் தோல் வாலைத் தைத்தவர்களும் செருப்புத் தைத்தவர்களும்தான் நம்மிடம் இருந்த உண்மையான வார் வல்லுநர்கள். ஊர் அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு அவர்கள் தைத்ததை மட்டும் வாங்கிக்கொண்டது.

மரப்பட்டைக்கும் ஒரு கதை உண்டு. ஆவாரஞ்செடியை உரித்துக் கட்டுப்படியாகாமல், தொழில் வாட்டில் சாற்றுக்கு மாறியது. வாட்டில் ஆஸ்திரேலியாவின் மரம். துவர்ப்பு அதிகம், வேகமாக வளரும். அதற்காகவே நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விட்ட இடம் அது. நட்டதை வெட்டாமல் விட்டபோது தானாகவே பரவி, இன்று எங்கு பார்த்தாலும் வாட்டில். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய் அந்த அடர்ந்த மரங்களைப் பார்த்து ‘என்ன பசுமை’ என்று வியக்கிறோமே, அதில் பல தோல் ஷாப்புக்காக வந்தவை. இப்போது அகற்றும் வாட்டிலின் பட்டையையே பதனிடப் பயன்படுத்த முடிந்தால் எனக்கு அதைவிட நல்ல பட்டைத் தோல் வேறு தெரியாது.

சரி, தோலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விடலாம். மழைக்காலத்துக்கும் கடற்கரைக்கும் நான் மைனாவுக்குப் பருத்திப் பின்னல் பட்டைதான் போடுகிறேன். துவைக்கலாம், நிழலில் காய்ந்துவிடும். நைலான் மலிவு, உறுதி. ஆனால் மட்டமான நைலானின் விளிம்பு மெல்லிய தோலை அறுக்கும், முரட்டு நாய் ஒரு இழு இழுத்தால் நம் உள்ளங்கையும் உரியும். எனக்குக் கோபம் வருவது ‘வீகன் லெதர்’ என்ற பெயரில் ரெக்ஸினை மூன்று மடங்கு விலைக்கு விற்கும்போதுதான். பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருஷத்தில் பிசுபிசுத்து உரியும். பி.வி.சி.யாக இருந்தால் அதை வளைக்கச் சேர்க்கும் பொருள்கள் வேறு. உரிந்ததை நாய் நக்கும், மிச்சம் குப்பைக்குப் போகும். அன்னாசி இலை நாரிலிருந்தும் கள்ளியிலிருந்தும் செய்யும் புதிய துணிகள், கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்த்து எடுக்கும் தாள், இவையெல்லாம் கைப்பைக்கு அழகாக இருக்கின்றன. பூனையைக் கண்டதும் பாயும் வேட்டை நாயின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.

மாட்டைத் தோலுக்காக யாரும் வளர்ப்பதில்லை, இறைச்சியின் துணைப் பொருள்தான் என்பது தோல்காரர்களின் வாதம். பெரும்பாலும் உண்மை, இந்தியாவில் எருமைக்கு இன்னும் உண்மை. இதை ஏற்காதவர்களோடு சண்டை போட மாட்டேன். பருத்திப் பின்னலுக்குப் போங்கள், ரெக்ஸினுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

தோல்தான் என்று முடிவு செய்துவிட்டால், நீடித்து உழைப்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நல்ல வார் ஒன்றைப் பராமரித்தால் நாயின் ஆயுளுக்கும் வரும். வருஷத்துக்கு ஒன்று தூக்கிப்போடும் பட்டை எந்த முறையில் பதனிட்டதாக இருந்தாலும் ஆற்றுக்குப் பாரம்தான். மேல்பரப்பைச் சுரண்டாத முழுத் தடிமத் தோல், எருமையாக இருந்தால் நல்லது, பெரிய நாய்க்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒட்டுத் தோல், அதாவது தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியது, பட்டைக்கு ஆகவே ஆகாது. இரண்டு மெல்லிய தோலை ஒட்டி நடுவே அட்டையோ ஸ்பாஞ்சோ வைத்ததும் வேண்டாம். நனைந்தால் காயாது. ஒற்றைத் தோல், விளிம்பை உருட்டித் தேய்த்து மெழுகியது, இதுதான் எளிது, இதுதான் சுத்தம்.

தையலைச் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுங்கள். இரண்டு ஊசி போட்டு இரண்டு பக்கமிருந்தும் தைத்தால் ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியல்ல, ஒரு கண்ணி விட்டால் வரிசையாகப் பிரியும். “அண்ணே, வளையத்துக்குப் பக்கத்துல மட்டும் கையால போடுங்க” என்று கேட்டால் போட்டுத் தருவார்கள். ஒட்டுவதற்குப் பசை கூடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள், நாய் கடிக்கிற பொருள். கிராமத்துச் சந்தைகளில் காளைக்குச் சலங்கைப் பட்டை விற்கும் கடைகள் இருக்குமே, அங்கேயும் விசாரிக்கலாம். காளையை நிறுத்தும் பட்டைக்கு நாய் எம்மாத்திரம்?

பக்கிளும் டி வளையமும் கொக்கியும் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஆக இருக்கட்டும். கடைகளில் பளபளவென்று கிடப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பில் நிக்கல் பூசியது. காந்தத்தில் ஒட்டாது, அதனால் பித்தளை என்று ஏமாறலாம். ஓரத்தில் கத்தி முனையால் கீறினால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும். வார்ப்புக் கொக்கி முன்னறிவிப்பில்லாமல் படீரென்று உடையும். உடைந்த துண்டை நாய் விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்த அணுக்களை உடைக்கும். இது குரோமைவிட நேரடியான ஆபத்து. டி வளையத்தில் இரண்டு முனையும் பற்றவைத்து இணைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மைனாவுக்கு அகலப் பட்டை தைத்து, அதன் இரண்டு முனை வளையங்களுக்குள்ளும் ஒரு சின்ன வாரை ஓடவிட்டிருக்கிறோம். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும், தலை உருவ முடியாது, மூச்சும் முட்டாது. வெளிநாட்டில் கிரேஹவுண்டுக்கு மார்ட்டிங்கேல் என்று போடுவது இதுதான். நடைக்கு மட்டும் போட வேண்டும், வீட்டில் கழற்றிவிட வேண்டும், எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. எந்தப் பட்டையானாலும் இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வு வேண்டும். பக், பொமரேனியன் மாதிரி மூச்சுக்குழல் தொந்தரவு உள்ள இனங்களுக்குக் கழுத்தில் வாரே பூட்டாதீர்கள், மார்பில் போடும் ஹார்னஸ்தான் சரி. பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

வாரைப் பற்றிப் பேசும்போது சங்கிலியை விட முடியவில்லை. நல்ல தோல் வார் வாங்கி நடைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நேரம் கேட்டருகில் இரண்டடி இரும்புச் சங்கிலியில் நாயைக் கட்டிப்போடும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. அந்த வீடுகளில் யாரும் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. இரவில் கழற்றி ஆணியில் மாட்டுங்கள், அடியில் உண்ணி ஒளிந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். நனைந்தால் நிழலில் காயவையுங்கள், வெயிலிலோ அடுப்பருகிலோ வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சணம் பூத்தால் தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தால் போகும். தேன்மெழுகு கலந்த எண்ணெயை எப்போதாவது மெல்லிசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் தொளதொளக்கும், வாசனைக்கே நாய் அதைத் தின்னத் தொடங்கும். ஷூ பாலிஷ் வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் கலந்த இயற்கைப் பூச்சுகளும் வேண்டாம், அந்த எண்ணெய் நாய்க்கு நஞ்சு. பீரோவில் தோல் பொருளோடு பாச்சை உருண்டை போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாயின் பட்டையை அந்தப் பீரோவில் வைக்காதீர்கள். அந்த உருண்டையும் நாய்க்கு நஞ்சு.

வார் முதலில் தேய்வது கொக்கிக்குப் பக்கத்து மடிப்பில். மாதத்துக்கு ஒருமுறை அங்கே வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்துக்கொள்ளலாம், நாலு அங்குலம் குறையும், அவ்வளவே. பட்டையே போய்விட்டால் பக்கிளையும் வளையத்தையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு ஆகும். மிச்சத் தோலைப் போகியில் மட்டும் போடாதீர்கள். குரோம் தோல் எரியும்போது குரோமியம் மூன்று குரோமியம் ஆறாக மாறிச் சாம்பலில் தங்கும், காற்றிலும் பறக்கும். அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் காலையில் செடிக்குப் போடுகிறோம். மாநகராட்சி வண்டி வரும்போது உலர் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.